ஹாஸ்டலில் குப்பை, சோறு, கரன்ட், தண்ணீர்: சக மாணவிகளிடம் பேசப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் ஹாஸ்டலில் ஐந்து வருடம் இருந்தேன். முந்நூறு பேருக்கு மேல், மூன்று மாடி, ஒரு மெஸ், ஒரு போர்வெல். கடைசி மூன்று வருடம் அங்கே சுற்றுச்சூழல் தன்னார்வலர் வேலை பார்த்தேன், ஹாஸ்டலில் எங்களுக்கு வைத்த பெயர் 'குப்பை கோஷ்டி'. படிப்பு முடிந்து வந்த பிறகும் ஒவ்வொரு ஜூலையிலும் புது பேட்ச் பிள்ளைகள் போனில் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதற்கு ஒரே தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இது என்.எஸ்.எஸ்ஸா, ஈகோ கிளப்பா, வேறு ஏதாவதா?

இரண்டும் இல்லை. என்.எஸ்.எஸ் 1969-இலிருந்து இருக்கிறது, வருடத்துக்கு 120 மணி நேரக் கணக்கு, பக்கத்து ஊருக்குப் போய் ஏழு நாள் முகாம், எல்லாம் நல்ல விஷயம்தான். ஈகோ கிளப் என்கிற சுற்றுச்சூழல் மன்றம் என்றால் பெரும்பாலும் ஜூன் 5 அன்று மரக்கன்று நட்டு போட்டோ எடுப்பது. அதே குழியில் போன வருடம் நட்டது என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

நான் சொல்கிறது இதைவிடச் சின்ன வேலை. ஒரு மாடிக்கு இரண்டு மாணவிகள். தாங்கள் இருக்கும் மாடியில், தாங்கள் சாப்பிடும் மெஸ்ஸில், தங்களுக்குத் தெரிந்தவர்களிடம் மட்டும் வேலை செய்வது. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2001 வாக்கில் இதை ஒரு திட்டமாகவே தொடங்கினார்கள், அப்புறம் அங்கே நிறைய கல்லூரிகள் எடுத்துக்கொண்டன, பல இடங்களில் மாணவர்களுக்குச் சம்பளமும் உண்டு. நமக்கு ஒரு டீ கிடைத்தால் பெரிது.

எல்லாருக்கும்தான் சுற்றுச்சூழல் பாடம் இருக்கிறதே, அப்புறம் இது எதற்கு?

இருக்கிறது. எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னதை வைத்துத்தான் இளநிலை படிக்கிற எல்லாருக்கும் அந்தப் பாடம் கட்டாயமானது. நானும் படித்தேன். 'நீடித்த வளர்ச்சி என்றால் என்ன' என்று பத்து மார்க் கேள்வி வந்தது, பக்கம் பக்கமாக எழுதினேன், எழுதிவிட்டு மெஸ்ஸுக்கு வந்து பாதி சாம்பார் சாதத்தை டிரம்மில் கொட்டிவிட்டுத் தூங்கப் போனேன். தெரியாமல் யாரும் கொட்டுவதில்லை.

ஆள் ஏன் மாறுகிறாள் என்பதைப் பற்றி ஒரு ஆராய்ச்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2008-இல் வெளிவந்தது, அமெரிக்க ஹோட்டல் அறைகளில் நடத்தியது. 'சுற்றுச்சூழலைக் காக்க உதவுங்கள், துண்டைத் திரும்பப் பயன்படுத்துங்கள்' என்று அட்டை வைத்த அறைகளில் நூற்றுக்கு 35 பேர் துண்டைத் திரும்பப் பயன்படுத்தினார்கள். 'இங்கே தங்குகிற பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்' என்று வைத்தபோது 44. அடுத்த சுற்றில் 'இதே அறையில் தங்கியவர்கள்' என்று வைத்துப் பார்த்தார்கள், 49 வரை போனது. முன்பின் தெரியாத யாரோ ஒருத்தர், அதே கட்டிலில் படுத்தவர் என்ற ஒரே உறவு, அதற்கே அவ்வளவு மதிப்பு! அப்படியானால் தினமும் பாத்ரூம் வரிசையில் உங்களுக்கு முன்னால் பக்கெட்டோடு நிற்கிற ரூம்மேட்டுக்கு எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

தராசிலிருந்து. கூட்டம், உறுதிமொழி, டி-ஷர்ட், லோகோ எதுவும் முதல் மாதம் வேண்டாம்.

எங்கள் மெஸ்ஸில் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு நீல டிரம் இருக்கும், தட்டில் மிஞ்சியதை அதில்தான் தட்ட வேண்டும். காய்கறி எடை போடுகிற கொக்கித் தராசை மெஸ் மாஸ்டரிடம் கெஞ்சி வாங்கி, பக்கெட் பக்கெட்டாக எடை போட்டோம். முதல் நாள் மூன்று வேளையும் சேர்த்து 31 கிலோ. ஞாயிற்றுக்கிழமை சிக்கன் அன்றுதான் அதிகம் கொட்டுவார்கள் என்று நாங்களாக ஒரு முடிவு பண்ணி வைத்திருந்தோம். ஞாயிறு வந்தது, 14 கிலோ. எங்களுக்குக் குழப்பம்.

சாயங்காலம் டாட்டா ஏஸில் வந்து டிரம்மை எடுத்துப் போகிற பன்றிப் பண்ணை அண்ணாவிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "திங்களும் வியாழனும்தான் பாப்பா கனம். ஞாயித்துக்கெழம வண்டி காத்தாடும்." எத்தனை வருடமாகத் தூக்குகிறாரோ, அவர் தோளுக்குத் தெரிந்திருக்கிறது. கூடவே இன்னொன்றும் சொன்னார், டூத்பிக்கும் சாஸ் பாக்கெட்டும் கலந்து வந்தால் பன்றி செத்துப்போகும், தினமும் கையை விட்டுத் துழாவித்தான் எடுக்கிறேன் என்று. இரண்டு வருடம் அந்த டிரம்மைத் தாண்டித்தான் கை கழுவப் போயிருக்கிறேன், அது எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

திங்கள் காலை கையுறை மாட்டிக்கொண்டு டிரம்மைப் பார்த்தோம். கடிக்காத முழு இட்லிகள். மதியம், தொடாத பீட்ரூட் பொரியல், தட்டிலிருந்து விழுந்த அதே உருண்டை வடிவத்தில். பரிமாறுகிற அண்ணாவுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. எட்டே முக்காலுக்கு வரிசை கதவு வரை நிற்கிறது, ஒன்பது மணிக்கு கிளாஸ், யாரையும் 'எத்தனை வேணும்' என்று கேட்க அவருக்கு நேரமில்லை. எல்லார் தட்டிலும் நான்கு இட்லி. பொரியலுக்கு சாம்பார் கரண்டி.

மெஸ் மாஸ்டரிடம் பேசி இரண்டே மாற்றம் செய்தோம். முதலில் இரண்டு இட்லி, மேலும் வேண்டுமென்றால் வரிசையில்லாமல் வாங்க ஒரு தனி மேசை. பொரியலுக்குச் சின்னக் கரண்டி. மூன்றாவது வாரம் தினசரி எடை 20 கிலோ பக்கம் வந்துவிட்டது, அந்த மூன்று வாரமும் ஒரு மாணவியிடமும் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு அப்புறம் பேசப் போனபோது எங்கள் கையில் ஒரு கதை இருந்தது, 'கரண்டியை மாத்தினோம், 11 கிலோ குறைஞ்சது' என்று. கேட்டார்கள்.

பேசினால் எரிச்சலாக மாட்டார்களா?

ஆவார்கள். நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தராசுக்கெல்லாம் முன்னால், ஆர்வக்கோளாறில், டிரம்முக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருத்தியிடமும் "சாப்பாட்டை வீணாக்காதீங்க ப்ளீஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஜூனியர் பெண் முழுத் தட்டையும் கொட்ட வந்தாள். நான் சொன்னேன், "எத்தனை பேர் சாப்பாடு இல்லாம இருக்காங்க தெரியுமா?" அவள் ஒன்றும் பேசாமல் கொட்டிவிட்டுப் போய்விட்டாள். மூன்று நாளாகக் காய்ச்சல், வாயில் எதுவும் இறங்கவில்லை, மெஸ்ஸில் கஞ்சி கேட்டும் கிடைக்கவில்லை என்று அவள் ரூம்மேட் ராத்திரி வந்து சொன்னாள். அன்றைக்கு நான் டிரம்மை விட்டு நகர்ந்தவள்தான், திரும்ப அங்கே நின்று யாரிடமும் பேசியதில்லை. அதன் பிறகு நாங்கள் செய்த முதல் உருப்படியான காரியம், உடம்பு சரியில்லாதவர்களுக்குக் கஞ்சி சொல்லி வைக்க மெஸ் வாசலில் ஒரு நோட்டு தொங்கவிட்டது.

நடைமுறையில் நான் கற்றுக்கொண்டது: கொட்டுகிற இடத்தில் பேசாதீர்கள், வாங்குகிற இடத்திலும் பேசாதீர்கள். துணி காயப்போடும்போது, மொட்டை மாடியில், மெஸ்ஸுக்கு நடக்கும்போது பேசுங்கள். முதலில் கேளுங்கள். "காலைல இட்லி எப்படி இருந்துச்சு?" என்ற கேள்வியிலிருந்து எங்களுக்குக் கிடைத்த தகவல் எந்த சர்வே படிவத்திலும் கிடைத்ததில்லை. அப்புறம், நீங்கள் செய்யாததைச் சொல்லாதீர்கள். ஊருக்கு உபதேசம் என்று ஒரு தடவை பெயர் வந்துவிட்டால் அந்த வருடம் முடிந்தது. என் ரூமில் ஆளில்லாமல் ஃபேன் ஓடிய ஒரு மத்தியானத்தைப் பற்றி இன்னும் கிண்டல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

போஸ்டர் ஒட்டலாமா?

ஒட்டலாம், ஆனால் வாசகத்தில் கவனம். 'நம் ஹாஸ்டலில் தினமும் 31 கிலோ சோறு வீணாகிறது' என்று எழுதினால் படிக்கிறவள் என்ன நினைப்பாள்? எல்லாரும்தான் கொட்டுகிறார்கள், என் ஒரு கைப்பிடியால் என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான். அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் இருக்கிற ஒரு தேசியப் பூங்காவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 'வருகிறவர்கள் நிறையப் பேர் துண்டுகளை எடுத்துப் போய்விடுகிறார்கள், காடு அழிகிறது' என்று பலகை வைத்த பாதையில் நூற்றுக்கு 8 துண்டு திருடு போனது. வெறுமனே 'எடுக்காதீர்கள்' என்று வைத்த பாதையில் 2 கூட இல்லை.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. கலிபோர்னியாவில் 2007-இல் வந்த ஆய்வு ஒன்றில், பக்கத்து வீடுகளின் சராசரி மின்சாரச் செலவை ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள், சரி. ஏற்கெனவே குறைவாகச் செலவழித்தவர்கள் 'அட, நாம்தான் கஞ்சத்தனமாக இருக்கிறோம் போல' என்று கூட்டிவிட்டார்கள்! அவர்கள் தாளில் ஒரு சிரிக்கிற முகம் வரைந்து கொடுத்ததும் அந்தக் கூடுதல் நின்றது. இதைப் படித்த பிறகு எங்கள் மாடி வாரியான எடைப் பலகையில் குறைவாக இருக்கிற மாடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்மைலி ஒட்ட ஆரம்பித்தோம். சின்னப்பிள்ளைத்தனமாகத்தான் இருந்தது, இரண்டாம் மாடிக்காரிகள் அதற்காகச் சண்டைக்கு வந்தார்கள்.

ஒட்டுகிற இடமும் முக்கியம். ஃபேனைப் பற்றிய காகிதம் ஸ்விட்ச் போர்டில் இருக்க வேண்டும், நோட்டீஸ் போர்டில் அல்ல. அப்புறம் ஃப்ளெக்ஸ் வேண்டாம், தயவுசெய்து. பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றி பிளாஸ்டிக்கில் பேனர் அடித்த கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

பிரித்துப் போட்டாலும் கடைசியில் ஒரே வண்டியில்தானே கொட்டுகிறார்கள்?

இதுதான் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி. பல வளாகங்களில் இது உண்மையும்கூட. 'இல்லை, நீ பிரித்துப் போடு' என்று மட்டும் சொல்லித் தப்பிக்காதீர்கள். கேட்கிறவள் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாள்.

பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் குப்பையின் பின்னாலேயே போங்கள். நாங்கள் போனோம். மாடியில் அள்ளும் அக்கா காலை ஆறரைக்கு வருவார், மூன்று மாடிக்கும் அவர் ஒருவர், கையில் ஒரே சாக்கு. ஒரு சாக்கில் எப்படி இரண்டு குப்பையைப் பிரித்து இறக்க முடியும்? நாங்கள் இரண்டு தொட்டி வைத்திருந்தால் அவருக்குப் படியேறும் வேலைதான் இரண்டு மடங்காகியிருக்கும். அவரிடமே கேட்டோம், என்ன செய்தால் சுலபம் என்று. "ரூமுக்கு ரூம் தொட்டி வேணாம்மா. மாடிக்கு ஒரு எடத்துல வைங்க. ஈரத்த மட்டும் தனியா வைங்க, மத்தது நான் பாத்துக்கிறேன்" என்றார். காகிதம், பாட்டில், அட்டையை அவர் ஏற்கெனவே பிரித்துப் பழைய பேப்பர் கடையில் போட்டுக்கொண்டிருந்தார். அது அவருடைய சிறு வருமானம். நாங்கள் பெரிய மனுஷத்தனமாக 'ரீசைக்கிளிங் வருமானத்தில் கிளப் நிதி' என்று திட்டம் போட்டு வைத்திருந்தோம். கிழித்துப் போட்டோம். நீங்களும் அந்தக் காசில் கை வைக்காதீர்கள்.

2016-இல் வந்த திடக்கழிவு விதிகளே நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குகிற இடங்களைப் பெரும் உற்பத்தியாளர் என்று வகைப்படுத்தி, மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்கச் சொல்லிவிட்டன. ஒரு பல்கலைக்கழகம் சுலபமாக அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். நிர்வாகத்திடம் பேசும்போது இந்த வரியைச் சொன்னால் முகம் கொஞ்சம் மாறும்.

நாப்கின் விஷயத்தை யார் பேசுவது?

நீங்கள்தான், வேறு யாரும் பேச மாட்டார்கள். நாப்கினைச் சுற்றாமல் அப்படியே வாளியில் போட்டால் அதைக் கையால் அள்ளுவது அந்த அக்காதான், கையுறை பல நாள் இருக்காது. பழைய நியூஸ்பேப்பரை நான்காகக் கிழித்து ஒவ்வொரு பாத்ரூமிலும் ஒரு பையில் தொங்கவிட்டோம், சுற்றிப் போட. சிவப்பு மார்க்கரில் ஒரு புள்ளி வைத்தால் அள்ளுகிறவர் பிரிக்காமலே தெரிந்துகொள்வார். இது புனேயில் குப்பை சேகரிக்கும் பெண்களின் கூட்டுறவு 2017-இல் கேட்டுக்கொண்ட முறை. எங்கள் ஹாஸ்டல் நாப்கின் எரிப்பான் பாதி நாள் பழுது, ஓடுகிற நாளில் புகை வராந்தாவில் நிற்கும். மாதவிடாய் கப், துணி பேட் பற்றியும் பேசலாம், ஆனால் மாடிக்கு ஒருத்தி பயன்படுத்திவிட்டுச் சொன்னால்தான் எடுபடும். தயங்குகிறவளைத் துரத்தாதீர்கள். பொதுக் கழிப்பறையில், தண்ணீர் வரும் வராது என்கிற நிலையில், கப் எல்லாருக்கும் சரிப்படாது.

கம்போஸ்ட் நாறுகிறது, என்ன செய்வது?

ஈரம் அதிகம், காய்ந்தது குறைவு. பத்தில் ஒன்பது தடவை காரணம் இதுதான். அழுகுகிற பொருளில் கார்பன் 25 அல்லது 30 பங்கு, நைட்ரஜன் ஒரு பங்கு என்று புத்தகத்தில் இருக்கும். கையால் செய்கிறவர்களுக்கு: ஒரு பக்கெட் காய்கறித் தோல் கொட்டினால் மேலே இரண்டு பக்கெட் காய்ந்த இலை. கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகினால் இன்னும் இலை போடுங்கள். வாரம் ஒரு முறை கிளறுங்கள், நடுவில் கை வைத்தால் சுட வேண்டும். சுடவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

இலைக்கு வளாகத்தில் பஞ்சமே இல்லை. பங்குனியில் புங்கையும் வேம்பும் கொட்டித் தீர்க்கும், தோட்டக்காரர்கள் கூட்டிக் கொளுத்துவார்கள். அவர்களிடம் பேசி, எரிக்காமல் சாக்கில் கட்டி ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசியில் அடைமழை பிடிக்கும்போது காய்ந்த இலைக்கு அலைவீர்கள், அப்போது அந்தச் சாக்கு தங்கம். நாங்கள் முதல் வருடம் சேர்த்து வைக்கவில்லை, நவம்பரில் குழி சேறாகி, ஈ மொய்த்து, மூன்றாம் மாடி வரை நாறி, வார்டன் மூடச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

மெஸ் மிச்சச் சோறு, எண்ணெய்க் குழம்பு, எலும்பு குழியில் போடாதீர்கள். எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும்.

கரன்ட் பில் நாங்கள் கட்டுவதில்லையே, யார் ஃபேனை அணைப்பார்கள்?

நியாயமான கேள்வி. ஓஹையோவில் ஓபர்லின் கல்லூரி என்று ஒன்று, அங்கேயும் மாணவர்கள் பில் கட்டுவதில்லை. 2005-இல் விடுதிகளுக்குள் இரண்டு வாரம் போட்டி வைத்தார்கள், ஒவ்வொரு கட்டடத்தின் செலவையும் மாணவர்கள் கண்ணில் படும்படி காட்டினார்கள், மின்சாரம் சராசரியாக 32 சதவீதம் குறைந்தது. காசு இல்லாமலும் ஆள் அணைப்பான், கண்ணில் தெரிந்தால். ஆனால் நம் ஊரில் பெரும்பாலான ஹாஸ்டல்களில் மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே மீட்டர், அதுவும் பூட்டிய அறையில். எலக்ட்ரீஷியன் அண்ணாவை நட்பாக்கிக்கொண்டு தினமும் ஒரே நேரத்தில் மீட்டர் எண்ணைக் குறித்து வாங்குங்கள், மெஸ் வாசலில் சாக்பீஸால் எழுதுங்கள். அவ்வளவு போதும்.

அணைக்கச் சொல்வதைவிட ஃபேனையே மாற்றச் சொல்வது பெரிய வேலை. பழைய ஃபேன் 75 வாட், இப்போது வருகிற பி.எல்.டி.சி ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். எங்கள் ஹாஸ்டலில் 160 ஃபேன், ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் நாளுக்கு 100 யூனிட் மிச்சம். ஒரு வீட்டுக்கு அரசு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தருகிறதே, அந்த 100 யூனிட், நாங்கள் ஒரே நாளில் வெறும் சூடாக்கிக்கொண்டிருந்தோம். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தோம். ஒரே வருடத்தில் எல்லாம் மாறவில்லை, ஆனால் ரிப்பேரான ஃபேனுக்குப் பதில் வாங்குவதெல்லாம் புது வகை என்று ஆனது.

ஏ.சி இருக்கிற லேப், லைப்ரரி என்றால் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் 6 சதவீதம் அளவுக்கு மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 18-இல் வைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிற லைப்ரரி எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும்.

தண்ணீருக்கு?

ஒழுகுகிற குழாய்க்குக் கீழே ஒரு லிட்டர் மக்கை வைத்து, போனில் நேரம் பாருங்கள். எங்கள் முதல் மாடிக் குழாய் ஒன்று 11 நிமிடத்தில் நிரப்பியது. நாளுக்கு 130 லிட்டர். 'வாஷர் மாற்றவும்' என்று புகார் நோட்டில் நான்கு முறை எழுதியும் வராத பிளம்பர், '130 லிட்டர்' என்று எழுதிய மறுநாள் வந்தார். ஒருவேளை தற்செயலாகக்கூட இருக்கலாம்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை அந்த ஊர்ப் பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்கள், குடத்தோடு லாரிக்கு நின்றவர்கள். நீங்கள் சொல்வதைவிட அவர்கள் சொல்லும்போது அறை அமைதியாகும்.

பிளாஸ்டிக்?

தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை, 'மீண்டும் மஞ்சப்பை' 2021 டிசம்பரில் வந்தது, ஆனாலும் ராத்திரி பார்சலில் சாம்பார் கவரில்தான் வருகிறது. அதோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். ஃபெஸ்ட்டைப் பிடியுங்கள். இரண்டு நாளில் வருகிற பேப்பர் கப், தெர்மாகோல், தண்ணீர் பாட்டில் ஒரு செமஸ்டருக்குச் சமம். மெஸ்ஸிலிருந்து எவர்சில்வர் டம்ளர் 200 கடன் வாங்கி, கழுவ ஆள் போட்டால் தீர்ந்தது. எங்களுக்கு டம்ளர் 17 காணாமல் போய் நாங்களே காசு போட்டு வாங்கிக் கொடுத்தோம்.

பசங்க ஹாஸ்டலில் இது நடக்குமா?

நடக்கும். அங்கே போட்டி வையுங்கள், அறிவுரை வேண்டாம். பிளாக்குக்குப் பிளாக் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் இதற்கும் ஆடுவார்கள்.

சர்டிஃபிகேட், மார்க், அட்டெண்டன்ஸ் கிடைக்குமா?

கேட்டு வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் சர்டிஃபிகேட்டுக்காக வருகிற நாற்பது பேரைவிட, கையுறை மாட்டி டிரம்மில் கை விடுகிற ஆறு பேர் போதும். ஆள் சேர்க்கிற நாளிலேயே டிரம்மைக் காட்டிவிடுங்கள், வடிகட்டும் வேலை மிச்சம்.

தனி ஆள் ஃபேனை அணைத்து உலகம் மாறிவிடுமா? பெரிய கம்பெனிகள்தானே காரணம்?

இதைக் கேட்கிறவள் பெரும்பாலும் உங்கள் மாடியிலேயே நன்றாகப் படிக்கிற பெண்ணாக இருப்பாள், அவளோடு சண்டை போடாதீர்கள், கோஷ்டியில் சேருங்கள். அவள் சொல்வது சரி. ஒரு ஃபேனால் ஒன்றும் ஆகாது. ஆனால் திரும்பிப் பாருங்கள், எங்கள் ஹாஸ்டலில் உண்மையில் மாறியது எது? கரண்டி மாறியது, ஃபேன் வாங்கும் முறை மாறியது, தொட்டி இருக்கும் இடம் மாறியது. எதுவும் தனி ஆள் மனம் திருந்தியதால் வந்ததில்லை. முந்நூறு பேர் பார்த்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஆறு பேர் போய் வார்டனிடம் நின்றதால் வந்தது. வேலை பார்க்கப் போகிற கம்பெனியிலோ, ஊர் கிராமசபையிலோ தராசைக் கேட்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டால் அது ஃபேனைவிடப் பெரிது.

சில பேர் இதில் மனம் நொந்தும் போவார்கள். பருவநிலைச் செய்திகளைப் படித்துத் தூக்கம் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இன்னும் நான்கு எண்களைச் சொல்லாதீர்கள், கூட்டிப் போய் உரக்குழியைக் கிளறச் சொல்லுங்கள்.

சீனியர்கள் போனதும் எல்லாம் நின்றுவிடுகிறதே?

எல்லா ஹாஸ்டலிலும் இதுதான் கதை. காரணம், விஷயம் ஒருத்தி தலையில் மட்டும் இருக்கும். ஒரு லாங் சைஸ் நோட்டு போடுங்கள். எடை, மீட்டர் எண், எந்த அண்ணா எப்போது வருவார், யாரிடம் எப்படிப் பேசினால் வேலை நடக்கும், எங்கே தோற்றோம், எல்லாம் அதில். இறுதியாண்டு மாணவி பொறுப்பில் இருக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்தோம். இரண்டாம் வருடத்துப் பெண் நடத்துவாள், சீனியர் பக்கத்தில் நிற்பாள். கொஞ்சம் குளறுபடியாகும், ஆகட்டும்.

செமஸ்டர் லீவில் உரக்குழியை யார் பார்ப்பது?

மெஸ் மூடிவிடுவதால் புதிதாக எதுவும் விழாது. ஊருக்குக் கிளம்புகிற நாள் ஒரு முறை கிளறி, மேலே ஒரு சாண் உயரத்துக்கு இலை போட்டு, பழைய சாக்கை நனைத்து மூடிவிட்டுப் போங்கள். இருபது நாள் தாங்கும். மே மாதம் என்றால் வாட்ச்மேன் தாத்தாவிடம் வாரம் இரண்டு குடம் ஊற்றச் சொல்லிவிட்டுப் போங்கள், மறக்காமல் செய்வார். போன முறை அவர் அதன் ஓரத்தில் பூசணி விதையும் போட்டுவிட்டார், திரும்பி வந்தபோது கொடி காம்பவுண்டு சுவர் ஏறியிருந்தது, நான்கு காய்.